டூப்பு மாத்திரையும் ராமாத்தாளின் போசியும்

போன மாதம் நித்யா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற மருத்துவமனையில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் மருந்தாளுநர் அவள்தான். புதிதாக ஒரு மருந்து ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார்களாம். யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்குப் போலி மாத்திரை என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்து, பெட்டியில் எண் ஒட்டி அனுப்பிவிடுகிறதாம். எடுத்துக் கொடுக்கிற அவளுக்கே எது எது என்று தெரியாதாம். "உங்க காலத்துல இந்த ரகசியத்தையெல்லாம் எங்க சார் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"என்ற மூஞ்சியிலதானம்மணி," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆண்டவன் எனக்குக் கொடுத்த முகத்தில் கதவே கிடையாது. உள்ளே என்ன நடந்தாலும் வெளியே தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் யார் தப்புச் செய்தாலும் வாத்தியார் என் முகத்தைத்தான் பார்ப்பார். குற்றவாளி எந்த பெஞ்சில் இருக்கிறான் என்று அதிலேயே கண்டுபிடித்துவிடுவார். சீட்டாட்டத்துக்கு என்னைக் கூப்பிட நண்பர்கள் அடித்துக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், நான் வாயைத் திறக்கும் முன்பே மாமனார் உள்ளே பார்த்து, "மாப்பிள்ளைக்குப் புடிச்சுப்போச்சு, பந்திக்கு எலை போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மருந்தியல் டிப்ளமோ முடித்தேன். உடுமலைப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் சில காலம் நின்றேன். தேங்காய் வியாபாரிகளின் வாயுத் தொல்லையையும் டாக்டர்களின் கையெழுத்தையும் அங்கேதான் படித்தேன். பிறகு கோயமுத்தூரில் இந்த மருத்துவமனை. ஜன்னல் வழியாக மருந்து கொடுப்பதும் மாலையில் இருப்புப் பார்ப்பதுமாக நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு நாள் டாக்டர் வசுந்தரா என் ஜன்னலுக்கு வந்து, "வேலுச்சாமிங்க, கொஞ்சம் வர்றீங்களாங்க" என்றார். அதோடு நிம்மதி போயிற்று.

டாக்டர் வசுந்தரா மகளிர் மருத்துவப் பிரிவின் தலைவர். எல்லோருக்கும் டாக்டரம்மா. கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கூடவே 'ங்க' பெருகும். சாதாரணமாக ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போடுவார். இரண்டு போட்டால் ஏதோ தவறு நடந்திருக்கிறது. மூன்று வந்தால் நர்சுகள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு காணாமல் போய்விடுவார்கள். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். நாம் பேசும்போது கையைத் திருப்பி வைத்துக்கொண்டு, முகம் கோணாமல் நேரம் பார்ப்பார். அதைப் பார்த்தால் நமக்கு நாக்கு குழறும்.

அவர் ஆராய்ச்சி செய்ய விரும்பியது சினைப்பை நீர்க்கட்டியைப் பற்றி. இன்றைக்குத் தெருவுக்குத் தெரு தெரிந்த பெயர். அன்றைக்கு அப்படி இல்லை. மாதவிலக்கு மூன்று மாதம் நான்கு மாதம் தள்ளிப் போகும், உடம்பு போடும், முகத்தில் முடி வரும், கரு தங்காது. இத்தனைக்கும் ஊரில் ஒரே விளக்கம்தான், 'சூட்டு உடம்பு'. அப்படியில்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் ஒரு காரணம் என்று வெளிநாட்டு டாக்டர்கள் எழுதத் தொடங்கியிருந்த நேரம் அது. அப்படியானால் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை இதற்கும் உதவுமா? அதுதான் டாக்டரம்மாவின் கேள்வி.

விடை காணும் முறையை எனக்கு விளக்கினார். ஆராய்ச்சிக்குச் சம்மதிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே உருவத்தில், அதே நிறத்தில், மருந்தில்லாத மாவு மாத்திரை. ஆறு மாதம் கழித்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட வேண்டும். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியக்கூடாது, பரிசோதிக்கிற டாக்டருக்கும் தெரியக்கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் ரகசியத்தை உடைத்து, மாவு சாப்பிட்டவர்களுக்கு நிஜ மாத்திரை கொடுக்கப்படும். இதில் மாத்திரையைப் பிரித்துப் புட்டியில் போடும் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கும்.

"அந்த ஆளு நீங்கதானுங்க," என்றார் டாக்டரம்மா.

என் முகத்தைப் பற்றி நானே அவரிடம் எடுத்துச் சொன்னேன். புட்டியில் போடுபவர் ஒருவரும் கொடுப்பவர் வேறொருவருமாக இருப்பதுதான் முறை, ஆனால் நமக்கு ஆள் ஏது என்று சொல்லிவிட்டுக் கையைத் திருப்பி நேரம் பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன்.

சம்மதம் வாங்கும் நாள் நன்றாக நினைவிருக்கிறது. கூடத்தில் பெண்கள், அவர்களோடு அம்மா, மாமியார், நாத்தனார் எல்லாம். டாக்டரம்மா சுத்தமான தமிழில் எல்லாவற்றையும் விளக்கினார். சிலருக்குப் போலி மாத்திரைதான் கிடைக்கும், யாருக்கு என்று எனக்கும் தெரியாது என்றார். "டாக்டருக்கே தெரியாதுங்களா?" என்று ஒரு குடும்பம் எழுந்து போய்விட்டது. மற்றவர்கள் தலையாட்டினார்கள். 'போலி' என்ற சொல் கூடத்தின் பாதியைத் தாண்டுவதற்குள் 'டூப்பு' ஆகிவிட்டது. தனக்குக் கிடைப்பது நிஜம், பக்கத்தில் இருப்பவளுக்குத்தான் டூப்பு என்று ஒவ்வொருத்தியும் உறுதியாக நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

நடைமுறைத் தொல்லைகள் முதல் வாரமே ஆரம்பித்தன. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும். எல்லோரும் வெறும் வயிற்றில்தான் வந்தார்கள்; காப்பி மட்டும் குடித்திருந்தார்கள். காப்பியை இங்கே யாரும் ஆகாரத்தில் சேர்ப்பதில்லை. காப்பியும் கூடாது என்று சொன்ன பிறகு, "காப்பி குடிக்கலீங்க, ரெண்டு முறுக்கு மட்டுந்தானுங்க" என்று வந்தார்கள். தொண்டாமுத்தூரிலிருந்து வந்த ஒரு பெண், மாத்திரை தவறிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரே காரணம் சொன்னாள்: யானை. சோளக்காட்டுக்குள் யானை வந்துவிட்டது, எல்லோரும் தகரம் தட்டப் போய்விட்டோம். தகரம் தட்டுகிறவளுக்கு ஒரு மாத்திரை விழுங்க நேரமில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். "ரெண்டு கையுமில்லீங்க வேணும்," என்றாள். டாக்டரம்மா விதிமீறல் தாளில் 'யானை' என்று எழுதிக்கொண்டார்.

ஆனால் பெரிய தொல்லை நான்தான். என் முகத்தில் விஷயம் இருக்கிறது என்று பெண்கள் இரண்டாவது முறை வரும்போதே கண்டுகொண்டார்கள். ஜன்னலுக்கு வந்ததும் புட்டியைப் பார்க்க மாட்டார்கள், என்னைத்தான் பார்ப்பார்கள். மாமியார்கள் எக்கிப் பார்ப்பார்கள். நான் ஒருத்தியிடம் "வாங்க" என்றும் இன்னொருத்தியிடம் "வாங்கம்மணி" என்றும் சொல்லிவிட்டால், கூடத்தில் அரை மணி நேரம் விவாதம் நடக்கும். பிரியமாகக் கூப்பிட்டது நிஜத்துக்கா, பாவம் பார்த்துக் கூப்பிட்டது டூப்புக்கா என்று.

டாக்டரம்மா என்னை முகமூடி போடச் சொன்னார். மருந்துக் கடைக்காரருக்கு டி.பி. என்று அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நாட்டுக்கோழிச் சாறு குடிக்கச் சொல்லி அக்கறையோடு செய்முறை சொல்லிவிட்டுப் போனார்கள். முகமூடிக்கு மேலே கண் தெரிகிறதே, அதையும் படித்துவிடுகிறார்கள் என்று கறுப்புக் கண்ணாடி போட்டேன். மெட்ராஸ் ஐ என்று பயந்து யாரும் ஜன்னல் பக்கமே வரவில்லை.

கடைசியில் டாக்டரம்மா ஒரு வழி கண்டார். மாத்திரை கொடுக்கும் நேரத்தில் நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தச் சுவரில் ஒரு முருகன் காலண்டர் தொங்கியது. நான் முருகனைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணுங்க, மறக்கக்கூடாதுங்க" என்று சொல்லிக்கொண்டே கையை மட்டும் பின்னால் நீட்டிப் புட்டியைக் கொடுப்பேன். வந்தவரை 'வாங்க' என்று முகம் பார்த்துக் கேட்காதவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். நானோ முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து கொடுத்தேன். வீட்டில் ஏதோ சண்டை, மனுசன் நொந்துபோயிருக்கிறார் என்று முடிவு செய்து எனக்குப் பலகாரம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். நோயாளிகளிடம் எதையும் வாங்கக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பான விதி. முதுகைக் காட்டிக்கொண்டே முறுக்கையும் அதிரசத்தையும் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

அடுத்து வாசனை. மெட்ஃபார்மின் மாத்திரையில் லேசாக ஒரு மீன் வாடை இருக்கும். மாவு மாத்திரையில் அது கிடையாது. கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் புட்டியை ஒருவர் மோந்து பார்த்ததில் வெகு சீக்கிரம் குட்டு உடைந்தது. நாறினால் நிஜம், நாறாவிட்டால் டூப்பு. இரண்டையும் ஒரே வாசனைக்குக் கொண்டு வந்தால்தான் ஆச்சு என்றார் டாக்டரம்மா. எப்படி என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டிருக்கலாம்.

கேட்காமல், உக்கடத்தில் நெத்திலிக் கருவாடு வாங்கி, துணியில் கட்டி, மாவு மாத்திரை டப்பாவுக்குள் சனிக்கிழமை போட்டு மூடிவிட்டேன். திங்கட்கிழமை திறந்தபோது எனக்கே தலை சுற்றியது. இருந்தாலும் காற்றுப் பட்டால் குறையும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அன்றைக்கு வந்தவர்களுக்குப் புட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் டாக்டரம்மா மருந்தறை வாசல் வரை வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றார். அவர் முட்டைகூடச் சாப்பிடாதவர். என் மேஜைக்கடியில் ஆஸ்பத்திரிப் பூனை உட்கார்ந்திருந்தது.

"வேலுச்சாமிங்க, ஏனுங்க, இங்க யாருங்க சமைக்கறாங்க?" என்றார். மூன்று 'ங்க'வைத் தாண்டிப் போனதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

கருவாட்டை எந்த டப்பாவில் போட்டேன் என்று நான் வாயெடுக்கும் முன்பே கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அது தெரிந்தால் அவருக்கும் ரகசியம் தெரிந்துவிடும். நிஜம், டூப்பு எல்லாப் புட்டிகளையும் திரும்ப வாங்கிப் புதிதாகக் கொடுக்கச் சொன்னார். மாவு மாத்திரை டப்பாவுக்குள் நிஜ மாத்திரைகள் கொஞ்சத்தைத் துணியில் முடிந்து போட்டாலே அதே வாசனை ஏறிவிடும் என்பது அன்று மாலை இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பிரிந்து போனோம்.

புட்டியை மாற்ற வந்தவர்களில் அவிநாசி ராமாத்தாளை மறக்க முடியாது. ஒரு குடையின் நுனியில் மஞ்சப்பையைக் கட்டி, குடையை முன்னால் நீட்டிப் பிடித்தபடி வந்தார். பஸ்ஸில் அவருக்கு ஒரு சீட்டு முழுதாகக் கிடைத்ததாம். பைக்குள் மருமகள் சாந்தாமணியின் புட்டி. அவருக்குப் பின்னால் வெட்கத்தில் சிவந்து சாந்தாமணி.

புரட்டாசி மாதம் தங்கள் வீட்டில் கவுச்சி சேர்ப்பதில்லை என்று ராமாத்தாள் என் முதுகிடம் சொன்னார். அதனால் புட்டியை வீட்டுக்குள் விடாமல், மாடு கட்டும் கொட்டகையில் விட்டத்திலே தொங்கவிட்டிருந்தார்களாம். சாந்தாமணி வேளாவேளைக்குக் கொட்டகைக்குப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்குப் பக்கத்தில் நின்று மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். தெருப்பூனைகள் வரிசையாக உட்கார்ந்து பார்க்குமாம். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத்தன பேருலயும் எங்க மருமவளுதுதானுங்க தம்பி நல்லா நாறுது" என்றார். அதில் அவ்வளவு பெருமை.

நான் முருகனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தாமணிக்கு விழுந்திருந்தது டூப்பு. நான் ஊற வைத்த கருவாட்டு மாவை அந்தப் பெண் மாட்டுக் கொட்டகையில் நின்று அத்தனை நம்பிக்கையோடு விழுங்கியிருக்கிறாள். புதுப் புட்டியைப் பின்னால் நீட்டினேன்.

சாந்தாமணி திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் தைக்கிறவள். கல்யாணமாகி ஆறு வருடம். அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதுவும் 'ங்க'வில் பாதியை முழுங்கிவிட்டு. அவளுக்கும் சேர்த்து ராமாத்தாள் பேசுவார். மாமியார் மருமகள் என்றால் வேறு மாதிரி எதிர்பார்ப்பார்கள். இந்த அம்மாள் மருமகளுக்காக ஊர் வாயோடெல்லாம் சண்டை போட்டுவிட்டு வந்தவர். சொந்தக்கார ஒறம்பரையில் யாரோ சாந்தாமணியை ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று ஒரு கோயில் நோம்பிக்கே போகாமல் வீட்டில் இருந்துவிட்டாராம்.

மாதங்கள் போயின. கூடத்தில் சிலருக்கு மாற்றம் தெரிந்தது. யானைக்காரப் பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வர ஆரம்பித்து, எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்தாள். சாந்தாமணி வாழைப்பழத்தை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவள் என் ஜன்னலில் புட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போவாள். நான் பின்னால் நீட்டிய கையில் அது தெரியும்.

ஐந்தாம் மாத முடிவில் வந்தபோது அவள் கை நீளவில்லை.

"எனக்கு வேண்டாமுங்க," என்றாள். "ஆறு வருசமா திங்காத மருந்தில்லீங்க. இதுதான் கடைசின்னு எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன். இதுவுங் கேக்கல. இனி எந்த ஆசுபத்திரி வாசப்படியும் மிதிக்க மாட்டேனுங்க."

நான் விதியை மறந்து திரும்பிவிட்டேன். அவள் அழவில்லை. முடிவு செய்துவிட்டவர்களின் முகம் அது. மருந்து அவளைக் கைவிட்டுவிட்டது என்று நினைக்கிறாள். மருந்து இன்னும் அவள் நாக்கிலேயே படவில்லை. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் நிஜ மாத்திரை கையில் கிடைக்கும். இன்றைக்குப் போய்விட்டால் வாழ்நாளுக்கும் எங்கள் பக்கம் திரும்ப மாட்டாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நிற்பாள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் சொல்லக்கூடாது.

இருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினேன். நான் கதவைத் திறந்ததுமே, "திரும்பி நில்லுங்க," என்றார். என் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரிந்துவிடுமே. நான் அவருடைய அறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஒரு பெண் பாதியில் நிற்கப் பார்க்கிறாள், என்ன செய்ய என்று கேட்டேன். அந்தச் சுவரில் கண் பரிசோதனை அட்டை மாட்டியிருந்தது. மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே பேசினேன்.

போவது அவர்களின் உரிமை, தடுக்கக்கூடாது, டூப்பா நிஜமா என்று ஜாடைகூடக் காட்டக்கூடாது என்றார் டாக்டரம்மா. பிறகு வளையல் சத்தம் கேட்டது. நேரம் பார்க்கிறார் என்று நினைத்தேன். "ஆனா, கடைசி ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லலாமுங்க. எல்லாருகிட்டயும் சொல்றதுதானே. மருந்து சாப்பிடாட்டியும் வரலாமுங்க," என்று மெல்லச் சொன்னார்.

வரச் சொல்லலாம். வரமாட்டேன் என்கிறவளை எப்படி வரவைப்பது?

திரும்பி வந்தபோது என் ஜன்னல் பலகையில் ஒரு தூக்குப்போசி இருந்தது, பிடி வைத்த பாத்திரம். நிறையக் கச்சாயம். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுடும் எங்கள் பக்கத்துப் பலகாரம். இத்தனை நாள் முதுகு வலிக்க நின்று மருந்து கொடுத்ததற்கு நன்றி, இனி வரப் போவதில்லை, தயவுசெய்து மறுக்கக் கூடாது என்றார் ராமாத்தாள். போசியில் அவருடைய பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீராக வந்த பித்தளைப் போசி, பளபளவென்று துலக்கி வைத்திருந்தார்.

அப்போது எனக்கு எப்படித்தான் தோன்றியதோ. போசியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

"பலகாரத்தை வாங்கிக்கறேனுங்க," என்றேன். "போசி அடுத்த மாசந்தானுங்க கெடைக்கும். பலகாரம் வந்த போசியக் காலியாத் திருப்பிக் குடுக்கற பழக்கம் எங்கூட்டுல இல்லீங்க. என்ற சம்சாரம் ஏதாச்சும் போட்டுக் குடுத்து உடுவா. ரத்தப் பரிசோதனைக்கு வாரப்ப வாங்கிக்குங்க."

சாந்தாமணி திகைத்துப் பார்த்தாள். ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைப் போட்டு இப்போதே கொடுத்தால் தீர்ந்தது, வெளியே மளிகைக்கடை இருக்கிறது. ஆனால் எந்தப் பெண்பிள்ளையும் பெயர் வெட்டின சீர்ப் போசியை அயலூரில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க மாட்டாள். ஆசையை விட்டாலும் விடுவார்கள், போசியை விட மாட்டார்கள். நான் நம்பியது அதைத்தான்.

ராமாத்தாள் என்னையே பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். நான் அவசரமாக முருகன் பக்கம் திரும்பினேன்.

"அதுஞ் சரிதானுங்க," என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. "காலிப் போசி கொண்டுக்கிட்டு ஊட்டுக்குப் போகக்கூடாது. வா கண்ணு, அடுத்த மாசம் வந்து வாங்கிக்கலாம்."

அன்று மாலை வீட்டில் எனக்கு வேறு சோதனை காத்திருந்தது. என் மனைவி போசியைத் திருப்பிப் பார்த்து, "யாருங்க இந்த ராமாத்தா?" என்று கேட்டாள். ஆராய்ச்சி ரகசியம், சொல்லக்கூடாது என்றேன். அந்த மாதம் முழுவதும் எனக்குச் சாப்பாட்டில் ருசி இல்லை. கச்சாயத்தை மட்டும் அவள் மிச்சம் வைக்கவில்லை.

ரகசியத்தை உடைக்கும் நாள் வந்தது. காலையிலிருந்து நான் ஜன்னலிலேயே நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக எண்ணினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவிநாசி பஸ் வரும் நேரமெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, கடைசியாக அந்தக் குடை தெரிந்தது. பின்னால் சாந்தாமணி, வேண்டாவெறுப்பாக. நேரே என் ஜன்னலுக்கு வந்து, "போசிங்க," என்றாள். ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று உள்ளே அனுப்பினேன்.

டாக்டரம்மா ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத் தெரிவித்தார். சாந்தாமணி முறை வந்தது. "டூப்புங்க," என்றேன். ஆறு மாதம் அடைத்து வைத்திருந்த வார்த்தை. என் குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

சாந்தாமணிக்கு முதலில் புரியவில்லை. டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவள் சாப்பிட்டது வெறும் மாவு என்று நிதானமாக விளக்கினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப, மருந்து எனக்குக் கேக்காமப் போகலீங்களா?"

"நீங்க இன்னும் மருந்தே சாப்பிடலீங்க," என்றார் டாக்டரம்மா.

முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தோம். தோள் குலுங்கியது. முந்தானையை எடுத்தபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது. மாட்டுக் கொட்டகையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெறும் மாவைத் தின்றோமே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அத்தனை மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லாம் அடங்கிய பிறகு ராமாத்தாள், தனக்கு இது போன மாதமே தெரியும் என்றார்.

டாக்டரம்மா மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"தம்பி வாயத் தொறக்கலீங்க டாக்டரம்மா," என்றார் ராமாத்தாள். "அஞ்சு மாசமா ஒரு முறுக்கு வாங்காத மனுசன், அன்னைக்குப் போசியோட வாங்கி ஒளிச்சு வெச்சுக்கிட்டாரு. நாங்க போகக்கூடாதுன்னு அவருக்கு என்னமோ இருக்குதுன்னு நெனச்சேன். மூஞ்சியப் பாத்தேன். அவ்வளவுதானுங்க."

"வேலுச்சாமிங்க, பலகாரம் வாங்குனீங்களாங்க? போசியும் வாங்குனீங்களாங்க?" என்றார் டாக்டரம்மா. நான் பழக்கத்தில் கண் பரிசோதனை அட்டையைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். பிறகு அவர் ஆராய்ச்சி விதிமீறல்களை எழுதும் தாளை எடுத்து, யானை என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே 'போசி' என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் எழுதினார்.

என் மனைவி கொடுத்த சர்க்கரையோடு போசியை ஒப்படைத்தேன். நிஜ மாத்திரைப் புட்டியை முகம் பார்த்துக் கொடுத்தேன். சாந்தாமணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரமே ராமாத்தாள் மட்டும் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, "தம்பி, மருமவளுக்கு வயித்தாலப் போகுதுங்க" என்று அறிவித்தார். அந்த மாத்திரை ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மாவு கலக்காது, எனவே இது நிஜம். ஒருத்திக்கு வயிற்றுப்போக்கு வந்ததற்கு ஊரே சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அளவைக் குறைத்துப் படிப்படியாகக் கூட்டினோம், சரியாயிற்று.

அந்த மருந்து எல்லோருக்கும் கேட்டது என்று சொல்ல மாட்டேன். கேட்காதவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு டாக்டரம்மா வேறு வழிகள் தேடினார். சாந்தாமணிக்கு முதலில் மாதவிலக்கு ஒழுங்கானது. அதன் பிறகு அவிநாசியிலிருந்து பல மாதம் தகவல் இல்லை. மாத்திரையைக் கணவர் வந்து வாங்கிப் போவார், கேட்டால் "நல்லா இருக்குதுங்க" என்பார். எங்கள் ஊரில் வீடே இடிந்தாலும் அதைத்தான் சொல்வார்கள் என்பதால் அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. பிறகு அவரும் வரவில்லை.

ஒரு நாள் காலை, ஜன்னல் பலகையில் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பித்தளைப் போசி. பெயர் வெட்டினது. நிறையக் கச்சாயம். பின்னால் ராமாத்தாள். அவருக்குப் பின்னால், கையில் துணிச் சுருளோடு சாந்தாமணி. சுருளுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா எங்கிருந்தோ வந்து, நோயாளிகளிடம் எதையும் வாங்கக்கூடாது என்ற விதியைப் போட்டவர், போசிக்குள் கைவிட்டு முதல் கச்சாயத்தை எடுத்தார்.

நான் கச்சாயத்தைத் தட்டில் கொட்டிவிட்டு, சர்க்கரை வாங்கி வரட்டுமா, போசியைக் காலியாகக் கொடுக்கக் கூடாதே என்றேன்.

"வேண்டாமுங்க, போசி இங்கயே இருக்கட்டும்," என்றாள் சாந்தாமணி. "ரெண்டாவதுக்கு நாங்க வரோணுமில்லீங்க?"

நான் சட்டென்று முருகன் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலண்டர் மங்கலாகத் தெரிந்தது. பின்னால் டாக்டரம்மா, வாயில் கச்சாயத்தோடு சொன்னார்:

"இனி என்னத்துக்குங்க மறைக்கறீங்க? இந்தப் பக்கம் திரும்புங்க."